உதவி தேவை: பைக்கில் இன்ஜின் ஆயில் குறையவில்லை, ஏறுகிறது. டூப்ளிகேட் ஆயிலா?

லால்குடிக்காரன் | ஞாயிறு, காலை 11:20

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2013 மாடல் 125 சிசி பைக், கார்புரேட்டர் வண்டி, 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதனால் இதை விற்கச் சொல்லி யாரும் யோசனை தர வேண்டாம்.

ஐந்து வாரம் முன்பு 20டபிள்யூ-40 ஆயில் ஒரு லிட்டர் கேன் வாங்கி மாற்றினேன். இன்ஜினுக்கு 900 மில்லி போனது, மீதி கேனிலேயே இருக்கிறது. அன்று நானே டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. இன்று காலை பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது! நடுவில் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஓடியதோ 700 கி.மீ.தான். ஆயில் கன்னங்கரேலென்று இருக்கிறது. விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லை. இன்ஜின் மேல்பக்கம் கடகடவென்று சத்தம். லிட்டருக்கு 58 கொடுத்த வண்டி இப்போது 47-தான் கொடுக்கிறது.

கடையில் போலி ஆயிலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதை எப்படி உறுதி செய்வது?

தறிப்பட்டறை | ஞாயிறு, பகல் 12:05

தம்பி, சந்தேகமே வேண்டாம், டூப்ளிகேட்தான். பழைய ஆயிலைத் தெளிய வைத்து, நிறம் சேர்த்து, காலி கேனில் அடைத்து விற்கிறார்கள். என் வண்டியிலும் இப்படித்தான் கறுத்தது. பேசாமல் கார் ஆயில் நல்லதாக ஒன்று வாங்கி ஊற்றுங்கள். நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொட்டைச் சூடான தோசைக்கல்லில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்.

ஸ்பேனர் 17 | ஞாயிறு, பகல் 2:40

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். அளவு பார்த்தபோது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றதா, சைடு ஸ்டாண்டிலா? டிப் ஸ்டிக்கைத் திருகி எடுத்தீர்களா, திருகாமல் சும்மா வைத்து எடுத்தீர்களா? ஆயில் காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா, வெறும் கறுப்பா?

லால்குடிக்காரன் | ஞாயிறு, மாலை 4:15

சென்டர் ஸ்டாண்ட்தான் அண்ணா, இன்ஜின் ஆறிய பிறகு. வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி திருகாமல் வைத்துத்தான் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி. பால் நிறம் இல்லை, வெறும் கறுப்பு.

மணலி லேப் | ஞாயிறு, இரவு 8:30

வணக்கம். லூப்ரிகன்ட் கலக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் 14 வருடமாக இருக்கிறேன். முதலில் ஒன்று: இந்த ஆயிலைத் தோசைக்கல்லில் விடவே விடாதீர்கள். தண்ணீர் சோதனைக்கு அது ஓரளவு சரிதான், நாங்களும் ஹாட் பிளேட்டில் செய்வோம். ஆனால் அளவு ஏறி, பிசுக்கும் போன ஆயிலில் பெட்ரோல் இருக்கலாம். அடுப்புப் பக்கமே கொண்டு போகக் கூடாது. டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள், போதும்.

அடுத்தது, கறுப்பு. ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயிலில் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்று இரண்டு சேர்மானம் உண்டு. ஒன்று படிவைக் கழுவி எடுக்கும், மற்றொன்று அந்தக் கரியை எங்கும் படிய விடாமல் ஆயிலுக்குள்ளேயே மிதக்க வைக்கும். தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். 68,000 கி.மீ. ஓடிய இன்ஜினில் சீக்கிரமே கறுக்கும்.

ஆயில் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போலியைப் பற்றிய பயமும் ஓர் அளவுக்குள் நிற்கும். கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான பகுதியிலிருந்துதான் பேஸ் ஆயில், அதாவது சேர்மானம் எதுவும் கலக்காத அடிப்படை ஆயில், வருகிறது. அதைச் சாதாரண அழுத்தத்தில் மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து பாழாகும். அதனால் காற்றை உறிஞ்சி, வெற்றிடத்தில் கொதிக்க வைத்துப் பிரிப்பார்கள். பிறகு கரைப்பான் கொண்டு அரோமேட்டிக் பகுதியை நீக்கி, குளிர வைத்து மெழுகையும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் குளிரில் உறைந்து நிற்கும். எங்கள் மணலியில் 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று ஆரம்பித்து இன்று சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) என்று இருக்கிறதே, அங்கே பேஸ் ஆயிலும் எடுக்கிறார்கள், பாரஃபின் மெழுகும் எடுக்கிறார்கள். இப்போது பல ஆலைகளில் இதே வேலையை ஹைட்ரஜன் வைத்து உயர் அழுத்தத்தில் செய்கிறார்கள், அதில் கந்தகம் மிகக் குறைவாக இருக்கும்.

பேஸ் ஆயில் மட்டும் இன்ஜினுக்குப் போதாது. பெரிய கெட்டிலில் இதமாகச் சூடேற்றி, கலக்கிக்கொண்டே சேர்மானங்களை விடுவோம்: தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் உள்ள ஒன்று, அமிலத்தை முறிக்கக் கால்சியம், நுரை அடங்க சொட்டுக் கணக்கில் சிலிக்கோன், சூட்டில் ஆயில் ரொம்பவும் இளகிவிடாமல் இருக்க பாலிமர். 20டபிள்யூ-40 என்பதில் 40 எதைக் குறிக்கிறது என்றால், 100 டிகிரி சூட்டில் பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) நிற்க வேண்டும். 20டபிள்யூ என்பது மைனஸ் 15 டிகிரி குளிரில் இன்ஜின் சுழல எவ்வளவு எதிர்ப்பு என்ற கணக்கு. லால்குடியில் அந்தக் குளிர் ஏது, ஆனாலும் சோதிக்காமல் கேன் வெளியே போகாது.

தறிப்பட்டறை சாருக்கு ஒரு வார்த்தை. பைக்கில் கியர், கிளட்ச், இன்ஜின் மூன்றுக்கும் ஒரே ஆயில், கிளட்ச் பிளேட் அதிலேயே ஊறிக் கிடக்கும். பல கார் ஆயில்களில் மைலேஜுக்காக வழுக்கல் கூட்டும் பொருள் சேர்ப்பார்கள். அது கிளட்சையும் வழுக்க வைத்துவிடும். அதனால்தான் பைக் ஆயில் கேனில் ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். அந்த முத்திரைக்குக் கிளட்ச் பிளேட்டையே ஆயிலில் நனைத்து இயந்திரத்தில் உரச விட்டு அளப்பார்கள்.

என் சொந்த ஊர் அரியலூர், சனிக்கிழமை வருகிறேன். கேனில் மீதமுள்ள புது ஆயிலில் 100 மில்லி, இன்ஜினிலிருந்து 100 மில்லி, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடிக் கொடுங்கள். மேலாளரிடம் கேட்டுவிட்டேன், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

லால்குடிக்காரன் | ஞாயிறு, இரவு 9:02

சார், ரொம்ப நன்றி. டிப் ஸ்டிக்கை மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை அடிக்கிறது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு நாள்கூடப் பெட்ரோல் சொட்டிப் பார்த்ததில்லையே?

ஸ்பேனர் 17 | ஞாயிறு, இரவு 9:30

அதுதான் தம்பி எனக்கும் இடிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்தால் பெட்ரோல் நிற்காமல் இறங்கும், சரி. ஆனால் அதற்கென்று ஓவர்ஃப்ளோ குழாய் இருக்கிறது, முதலில் அது வழியாகத் தரையில்தான் சொட்ட வேண்டும். அது அடைத்திருந்தால் மட்டும் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து ஆயிலில் சேரும். ராத்திரியில் பெட்ரோல் டேப்பை மூடுகிறீர்களா?

லால்குடிக்காரன் | ஞாயிறு, இரவு 9:41

இல்லை அண்ணா, எப்போதும் திறந்தே இருக்கும்.

மணலி லேப் | புதன், இரவு 7:50

முடிவு வந்துவிட்டது.

புது ஆயில் அசல்தான். பாகுநிலை 40 டிகிரியில் 118 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 13.9. பாஸ்பரஸ் 0.09 சதவீதம், ஜாசோ கேட்கும் 0.08 முதல் 0.12-க்குள். கடைக்காரர் மேல் தப்பில்லை.

இன்ஜினில் இருந்தது 40 டிகிரியில் 61. பாதிதான்! இதை 100 டிகிரியில் அளக்கவில்லை, அந்தச் சூட்டில் பெட்ரோல் பறந்துபோய் ஆயில் நல்லது மாதிரி காட்டும். அளக்கும் முறை எளிமையானது: வளைந்த கண்ணாடிக் குழாயை நூற்றில் இரண்டு பங்கு டிகிரிகூட மாறாத தொட்டியில் தொங்கவிட்டு, ஆயில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வர எத்தனை விநாடி என்று பார்ப்போம். புது ஆயில் நிதானமாக இறங்கியது. உங்கள் ஆயில் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது, பக்கத்தில் நின்ற பயிற்சிப் பையனே திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் தீப்பற்று நிலை, அதாவது எந்தச் சூட்டில் ஆயிலின் ஆவி தீப்பட்டால் பளிச்சென்று பற்றும் என்பது. புது ஆயில் 220-ஐத் தாண்டிய பிறகுதான் பளிச்சென்றது. உங்களுடையதை மூடிய கிண்ணத்தில் வைத்தேன், 50 டிகிரி எட்டுவதற்குள் பளிச்சென்றுவிட்டது. பெட்ரோல்தான், வேறு எதுவுமில்லை.

ஆர்வத்தில் நான்கு குண்டு சோதனையும் செய்தேன். அரை அங்குல எஃகுக் குண்டு மூன்றை ஆயிலில் நிறுத்தி, நான்காவதை 40 கிலோ பாரத்தில் அதன்மேல் ஒரு மணி நேரம் சுழல விட்டு, விழுந்த தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பது. அதுவும் 75 டிகிரியில் ஓடுகிறது, நடுவில் பெட்ரோல் கொஞ்சம் பறந்திருக்கும். அப்படியும் உங்கள் ஆயிலில் தழும்பு புதியதைவிட நன்றாகவே பெரிது. மேல்பக்கச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். மெலிந்த ஆயில், வால்வைத் திறக்கும் கேமைத் தாங்காது.

தறிப்பட்டறை | புதன், இரவு 8:10

தம்பி, யோசிக்காமல் கடைக்காரரைக் குற்றம் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இனிமேல் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் தாங்குமா சார்?

மணலி லேப் | புதன், இரவு 8:25

பெட்ரோல் இறங்குகிற வரைக்கும் எதை ஊற்றினாலும் மெலியத்தான் செய்யும் சார். கசிவை அடைத்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன கிரேடையே ஊற்றச் சொல்லுங்கள். போலி பற்றி நீங்கள் சொன்னதும் நடக்கிறதுதான். கேன் காலியானதும் ஓட்டை போட்டு எறிந்தால் மறுபடி நிரப்ப முடியாது.

லால்குடிக்காரன் | சனி, மாலை 6:00

ஸ்பேனர் அண்ணா சொன்ன அதே இடம்! கார்புரேட்டரைக் கழற்றியதும் முதலில் ஓவர்ஃப்ளோ குழாயைத்தான் ஊதிப் பார்த்தோம், காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது. வண்டி வைக்கோல் கொட்டகையில் நிற்கும், அங்கே குளவி அதிகம். மிதவை ஊசியின் ரப்பர் நுனியில் சுற்றிலும் வளையம் மாதிரி பள்ளம், நகம் மாட்டுகிறது. ஊசியும் சீட்டும் புதிதாகப் போட்டாயிற்று.

பழைய ஆயிலை மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டேன், பெட்ரோல் கலந்தது என்று சொல்லியே கொடுத்தேன். புது ஆயில், அதே கடையில் வாங்கியது.

அப்பா தினமும் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து டேப்பைத் திருப்புவார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஸ்பேனர் 17 | சனி, மாலை 6:35

நல்லது தம்பி. 300 கி.மீ. ஓட்டிவிட்டு இந்த ஆயிலையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், உள்ளே மிச்சம் ஒட்டியிருக்கும். வால்வு கேப்பும் (வால்வு இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். குழாய் நுனியைத் துணியால் அடைக்க வேண்டாம், மெல்லிய கம்பி வலை கட்டினால் போதும்.

லால்குடிக்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 7:10

340 கி.மீ. ஆயில் மாற்றியாயிற்று. மாற்றும் முன் பார்த்தேன், டிப் ஸ்டிக்கில் அளவு ஊற்றிய அன்று இருந்த அதே இடம். வாசனை இல்லை. வால்வு கேப் சரி செய்ததும் சத்தம் பெரிதும் அடங்கிவிட்டது. மைலேஜ் இன்று 55.