நண்பகல் இருட்டில் ஒளிராத கடல்நீர் இரவு இருட்டில் மட்டும் ஒளிர்வது ஏன்?

கேள்வி:
2020 வசந்த காலத்தில் சான் டியேகோ கடற்கரையில் நீர் பகலில் செம்பழுப்பாகவும், இரவில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாகவும் இருந்ததை இங்கு வசிக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த நீரில் கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் எடுத்து வந்து சன்னலோரம் வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு லேசாகக் குலுக்கியபோது பளிச்சென்று ஒளிர்ந்தது. மறுநாள் நண்பகலில் அதே புட்டியைத் துணி அலமாரிக்குள் கொண்டுபோய், கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்து குலுக்கினேன். ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. புட்டியை அங்கேயே விட்டுவிட்டு அன்றிரவு குலுக்கியபோது மீண்டும் ஒளி வந்தது. இரண்டு வேளையும் இருள் ஒன்றுதான். கண்ணும் மூளையும் இல்லாத ஒற்றைச் செல், வெளியே பொழுது சாய்ந்ததை எப்படி அறிகிறது?

மறுமொழி 1:
நீர் அப்படி நிறம் மாறும் அளவுக்குப் பெருகியிருந்த உயிரி லிங்குலோடினியம் பாலியெட்ரா என்னும் டைனோஃபிளாஜெல்லேட், அதாவது நீரில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிரிகளில் ஒரு வகை. பழைய நூல்களில் கோனியாலாக்ஸ் என்ற பெயரில் இருக்கும். தாங்கள் அலமாரியில் கண்டதை, 1950களில் அதே ஊரின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த பியாட்ரிஸ் ஸ்வீனியும் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் முறையாக அளந்தார்கள். இரவு பகல் வேறுபாடே இல்லாத மங்கலான ஒளியில் வைத்திருந்தபோதும், ஒளிர்வு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆகவே செல் வெளியே பார்த்துப் பொழுதை அறியவில்லை; தனக்குள் ஓடும் கடிகாரத்தைக் கொண்டே அறிகிறது. வெளியொளி அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்க மட்டுமே உதவுகிறது.

என்னை இன்றளவும் வியக்கவைப்பது அவர்கள் 1957இல் வெளியிட்ட வெப்பநிலைச் சோதனை. வெப்பம் 10 பாகை கூடினால் வேதிவினைகள் பெரும்பாலும் இரண்டு மடங்கு வேகமாகும். இந்தக் கடிகாரமோ வேகமாகவில்லை. வெப்பம் ஏற ஏறச் சற்றே மெதுவாகியது. வெப்பத்தால் வரும் பிழையைச் செல்லே ஈடுகட்டிக்கொள்கிறது, அதுவும் சிறிது கூடுதலாகவே ஈடுகட்டுகிறது, என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறுமொழி 2:
நண்பகலில் ஏன் ஒளிரவில்லை என்பதற்கும் விடை உண்டு. செல்லுக்குள் சிண்டிலான் எனப்படும் மிக நுண்ணிய பைகளில், ஒளிதரும் பொருளான லூசிஃபெரினும், அதைப் பற்றி வைத்திருக்கும் புரதமும், லூசிஃபெரேஸ் நொதியும் இருக்கின்றன. நீர் அசைந்து செல் சுவர் அழுந்தும்போது பைக்குள் அமிலத்தன்மை கூடி, பற்றியிருந்த புரதம் லூசிஃபெரினை விடுகிறது. உடனே நொதி செயல்பட்டு, ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி நேரம் ஒளி தெறிக்கிறது. லிங்குலோடினியம் இந்தப் புரதங்களை விடியும் நேரத்தில் சிதைத்துவிட்டு, பொழுது சாயும்போது புதிதாக ஆக்குகிறது. தாங்கள் குலுக்கியபோது அவற்றில் பெரும்பகுதி செல்லில் இருந்திருக்காது. அவற்றை ஆக்குவதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ மூலக்கூறுகளின் அளவு நாள் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதைப் படித்துப் புரதமாக்கும் வேலையைத்தான் கடிகாரம் நிறுத்துகிறது, தொடங்குகிறது.

மறுமொழி 3:
ஒரு திருத்தம் அவசியம். ஒளிரும் மிதவை உயிரிகள் அனைத்துக்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. பைரோசிஸ்டிஸ் லுனுலாவும் இரவில்தான் நன்றாக ஒளிர்கிறது. ஆனால் அது நொதியை நாள்தோறும் அழிப்பதில்லை, சிண்டிலான்களைச் செல்லுக்குள் இடம் மாற்றி வைக்கிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மக்களைத் திரட்டிய நீல அலைகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாக்டிலூகாவோ பிற நுண்ணுயிரிகளை உண்டு வாழ்வது. அதன் ஒளிர்வில் இத்தகைய நாள் ஒழுங்கு காணப்படவில்லை. அந்த நீரை அலமாரியில் வைத்திருந்தால் தங்களுக்கு வேறு விடைதான் கிடைத்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அலமாரியிலேயே வைத்திருந்தால் எத்தனை நாள் இந்த ஒழுங்கு தொடரும்?

மறுமொழி 1:
முழு இருளில் நெடுநாள் தொடராது. ஒளிச்சேர்க்கை இல்லாமல் செல் பட்டினி கிடப்பதால், சில நாட்களிலேயே ஒளிர்வு மங்கிவிடும். ஒழுங்கைப் பல நாள் பார்க்க வேண்டுமானால் இடைவிடாத மங்கலான விளக்கொளியில் வையுங்கள். விளக்கு மிகப் பிரகாசமாக இருந்தால் ஒழுங்கே மறைந்துபோகும். குலுக்காமலே செல்கள் தாமாக வெளியிடும் மெல்லிய ஒளியும் உண்டு. அது இரவின் கடைசியில், விடியலை ஒட்டி உச்சத்தை எட்டும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்கு மங்கல் என்பதால், அதை அளக்க ஒளிமானி தேவைப்படும்.