தோட்டத்து ஒறம்பரை (எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு)

ஜூலை 27, ஞாயிறு

[காலை 6:48] பெருந்துறை அத்தை: கண்ணு, நங்கைக்கு ஒன்றும் இல்லையே? பால் சொசைட்டி குழுவில் அமெரிக்காவில் படகு கவிழ்ந்துவிட்டது என்று போட்டிருக்கிறார்கள்

[6:48] பெருந்துறை அத்தை: போனை எடு

[6:50] கோபி சித்தப்பா: என்ன ஆச்சு

[6:51] நான்: அத்தை, அது அண்ணன் ஸ்டேட்டஸில் வைத்த வீடியோதானே?

[6:51] பெருந்துறை அத்தை: அதேதான். படகு இடது பக்கம் சாய்ந்துகொண்டே ஓடுகிறது. நங்கை அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்

[6:57] ஆஸ்டின் அண்ணன்: அத்தை, அம்மா நல்லா இருக்கிறார். தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறார். படகு கவிழவில்லை, நாங்களேதான் சாய்த்தோம்

[6:57] பெருந்துறை அத்தை: சாய்த்தீர்களா??

[6:58] சங்ககிரி பெரியப்பா: எதுக்கு

[7:04] ஆஸ்டின் அண்ணன்: விளக்கமாகவே சொல்கிறேன். இதற்கு வேக்சர்ஃபிங் என்று பெயர். படகு மணிக்கு 16, 17 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், சைக்கிளை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பின்னால் எழும் அலையில் பலகை மேல் நிற்க வேண்டும். முதலில் கயிற்றைப் பிடித்து எழுந்து, அப்புறம் கயிற்றை விட்டுவிட்டு அலையிலேயே போகலாம். அதற்கு அலை பெரிதாக வர வேண்டும். படகு எடை கூடி ஆழமாக அமுங்கினால்தான் தண்ணீரை அதிகமாகத் தள்ளும். இடது கால் முன்னால் வைப்பவருக்கு இடப்பக்க அலை, வலது கால் முன்னால் வைப்பவருக்கு வலப்பக்க அலை. எனக்கு இடது கால். அதனால் பின்பக்க இடது மூலையில் தண்ணீர்ப் பை வைத்து நிரப்பினோம். புதுப் படகுகளில் பின்னால் ஒரு தகடு இருக்கும், அதுவே அலையை ஒரு பக்கம் ஒழுங்குபடுத்திவிடும், இரண்டு பக்கமும் சம எடை போட்டால் போதும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கியது பழசு, அதனால்தான் சாய்க்க வேண்டியிருக்கிறது

[7:05] கோபி சித்தப்பா: 👍

[7:06] நான்: சித்தப்பா படிக்கவே இல்லை

[7:06] பெருந்துறை அத்தை: அப்போ நங்கையையும் மூட்டை மாதிரி ஓரத்தில் வைத்தாயா?

[7:09] ஆஸ்டின் அண்ணன்: ஆட்களும் எடைதானே அத்தை. ஒரு 60 கிலோ

[7:09] அம்மா: 58

[7:12] சங்ககிரி பெரியப்பா: பின்பாரம் அத்தனை ஏற்றினால் மூக்கு தூக்காதா. மாட்டு வண்டியில் அப்பச்சி என்ன சொல்லுவார்

[7:15] ஆஸ்டின் அண்ணன்: அதேதான் பெரியப்பா. பின்பாரம் மட்டும் போட்டால் மூக்கு தூக்கி, ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கிறவர் கண்ணுக்கே தெரியாது. அதற்காக முன்பாரம் எச்சாகப் போனாலும் ஆபத்து. வேகத்தைக் குறைக்கும்போது எதிரே வரும் அலைக்குள் மூக்கு குத்தி, தண்ணீர் மேலே ஏறி உள்ளே வந்துவிடும். முன்னால் கொஞ்சம்தான் வைக்கிறோம்

[7:16] சங்ககிரி பெரியப்பா: பை முழுசா நிரப்புகிறாயா, பாதியா

[7:17] ஆஸ்டின் அண்ணன்: முழுசாகத்தான்

[7:19] சங்ககிரி பெரியப்பா: அதைக் கேட்கத்தான் வந்தேன். முழு டேங்கர் நிற்கும். காலி டேங்கரும் நிற்கும். பாதி டேங்கர்தான் வளைவில் ஆளைக் கவிழ்க்கும். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி அங்கேயே நின்றுகொள்ளும்

[7:20] கோபி சித்தப்பா: தண்ணி எதுக்கு, மணல் மூட்டை போடு. செலவில்லை

[7:24] ஆஸ்டின் அண்ணன்: வேண்டாம் சித்தப்பா. இங்கேயும் ஈயக் குண்டுப் பை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், படகில் என்னோடு பங்கு போட்ட ஒருத்தனும் கேட்டான். படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வையுங்கள். தண்ணீருக்குள் தண்ணீர்ப் பைக்கு எடையே இல்லை, அது படகை இழுக்காது. மணலும் ஈயமும் நேராகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர்ப் பையில் இன்னொரு வசதி, பம்பைப் போட்டால் வடிந்துவிடும். திரும்பி வேகமாக வரும்போது வடித்துவிட்டுத்தான் வருவோம்

[7:25] கோபி சித்தப்பா: தண்ணி என்றதும் ஞாபகம். 15ஆம் தேதி கீழ்பவானியில் திறப்பார்களா? யாருக்காவது தெரியுமா

[7:26] பெருந்துறை அத்தை: அணையில் தண்ணீர் இருக்கிறதாம்

[7:26] சங்ககிரி பெரியப்பா: உனக்கு வாய்க்காலும் வேண்டும், கிணற்று மோட்டார் ரூம் சாவியும் வேண்டும்

[7:27] கோபி சித்தப்பா: காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணா

[7:28] நான்: படகு படகு

[7:33] சங்ககிரி பெரியப்பா: சரி. படகு எவ்வளவு தாங்கும்

[7:35] ஆஸ்டின் அண்ணன்: ஓட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகடு அடித்திருக்கிறது, மொத்தம் 720 கிலோ. பை 340 லிட்டர், அதாவது 340 கிலோ. 70 கிலோ வீதம் ஐந்து பேர், 350. ஆக 690. கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினேன் பெரியப்பா

[7:41] சங்ககிரி பெரியப்பா: வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஏழு தலை

[7:41] சங்ககிரி பெரியப்பா: 830

[7:42] நான்: 😂😂

[7:42] கோபி சித்தப்பா: கரும்பு லோடு மாதிரி

[7:43] சங்ககிரி பெரியப்பா: செக்போஸ்டில் நின்றவன் நான். என்னிடம் எடைக் கணக்கா

[7:51] ஆஸ்டின் அண்ணன்: இரண்டு பேர் குழந்தைகள்

[7:52] பெருந்துறை அத்தை: குழந்தைகளை வேற ஏற்றினாயா

[7:56] ஆஸ்டின் அண்ணன்: லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள் அத்தை. டெக்சாஸில் 13 வயதுக்குக் கீழே இருந்தால் ஓடும் படகில் கட்டாயம். பின்பக்கப் பலகையில் யாரையும் உட்கார விடவில்லை, எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, மயங்கி விழுந்தபின்தான் தெரியும். இந்த எஞ்சின் உள்ளே இருப்பது, விசிறி படகின் அடியில் சுற்றும். பின்னால் தொங்கும் எஞ்சின் உள்ள படகில் இந்த விளையாட்டே கூடாது, விழுகிறவனுக்குப் பக்கத்திலேயே விசிறி

[7:57] சங்ககிரி பெரியப்பா: 830க்குப் பதில் வரவில்லை

[8:02] ஆஸ்டின் அண்ணன்: சரிங்க. அடுத்த தடவை பையைப் பாதியாக

[8:02] சங்ககிரி பெரியப்பா: பாதியா??

[8:03] ஆஸ்டின் அண்ணன்: இல்லை இல்லை. சின்னப் பை. முழுசாக

[8:05] பெருந்துறை அத்தை: நம்ம கூடுதுறைப் பரிசல் மாதிரி ஆகிவிடப் போகிறது. ஒரே ஆள் எழுந்து நின்றான், எல்லோரும் ஒரு பக்கம், அப்பச்சியின் வாட்ச் காவிரியில்

[8:06] கோபி சித்தப்பா: எத்தனை வருஷம் சொல்லுவீங்க அக்கா

[8:06] பெருந்துறை அத்தை: வாட்ச் திரும்பி வரும் வரைக்கும்

[8:10] ஆஸ்டின் அண்ணன்: அது இங்கேயும் உண்டு அத்தை. யாராவது விழுந்தால் படம் எடுக்க எல்லோரும் சாய்ந்த பக்கமே ஓடுவார்கள். அதனால் விழுந்ததும் முதலில் வேகத்தைக் குறைத்து, படகு நிமிர்ந்த பிறகுதான் மெதுவாகத் திருப்புவேன். வெடுக்கென்று திருப்பினால் நம் அலையே நம் மேல் ஏறும். 2020 செப்டம்பரில் நாங்கள் படகு ஓட்டும் இதே டிராவிஸ் ஏரியில் ஒரு படகு ஊர்வலம் நடந்தது, கூட்டமாகப் போன படகுகள் கிளப்பிய அலையில் சில படகுகள் மூழ்கின

[8:11] பெருந்துறை அத்தை: இதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்

[8:11] பெருந்துறை அத்தை: நங்கை, அடுத்த சனிக்கிழமை நீங்க போகாதீங்க

[8:14] அம்மா: பார்க்கலாம்

[8:14] நான்: அம்மா பார்க்கலாம் என்றால் போவார் என்று அர்த்தம்

[8:15] அம்மா: நடுவில் உட்காருவேன்

[8:16] ஆஸ்டின் அண்ணன்: நடுவில் உட்கார்ந்தால் எனக்கு அலை வராதும்மா

[8:17] சங்ககிரி பெரியப்பா: எத்தனை பேர் என்று முதல் நாளே இங்கே போடு. நான் கூட்டிச் சொல்கிறேன்

[8:18] நான்: பால் சொசைட்டி குழுவில் யார் மறுப்புப் போடுவது?

[8:18] பெருந்துறை அத்தை: நான் போட மாட்டேன். அந்தக் குழுவில்தான் போன மாதம் சண்டை

[8:22] கோபி சித்தப்பா: ஞாயிறு ஆடி 18. கூடுதுறைக்கு எத்தனை பேர்? வேன் சொல்ல வேண்டும்

[8:23] சங்ககிரி பெரியப்பா: சாவியைக் கொண்டு வா, வேன் நான் சொல்கிறேன்

[8:25] கோபி சித்தப்பா: ஆடி கழியட்டும் அண்ணா, தருகிறேன்

[8:25] சங்ககிரி பெரியப்பா: எந்த வருஷத்து ஆடி

[8:31] பெருந்துறை அத்தை: நங்கை, வீடியோவில் நீங்க போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடி யாருடையது? நல்லா இருக்கிறது