டொராண்டோவில் கோடை முடிந்து இலையுதிர் காலம்: தோல், தூக்கம், மூக்கு மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

கோவைக்காரி எழுதியது:

எங்களுக்கு இங்கே இது முதல் இலையுதிர் காலம். காலையில் 11 டிகிரி, மத்தியானம் 24 என்று தினமும் ஆடுகிறது. ஹீட்டரே இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அதற்குள் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகப் பொரிகிறது. விடிந்ததும் மூக்கடைப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொருகுகிறது. ‘பருவத்தோடு இசைந்து வாழ்வது எப்படி’ என்று தேடினால் மெழுகுவர்த்தியும் பூசணிக்காய் காபியும்தான் வருகின்றன. எனக்கு வேண்டியது எதை, எப்போது, எவ்வளவு என்ற விவரம்.

வாடகைக்கு எடுத்த தனி வீடு, ஃபர்னஸ் (வீடு முழுவதும் சூடான காற்றை அனுப்பும் கருவி) உண்டு. நாங்கள் இருவர், ஆறு வயதுப் பையன், 68 வயதில் மாமியார். காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரப்பதக் கருவி (ஹியூமிடிஃபையர்) இப்போதே வாங்க வேண்டுமா? வாராவாரம் எண்ணெய்க் குளியல் தொடரலாமா? விட்டமின் டி யாருக்கு எவ்வளவு?

---

கீழ்த்தளம் எழுதியது:

கருவி வாங்கும் முன் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வாங்குங்கள். 15 டாலருக்குள் கிடைக்கும். அளவு தெரியாமல் ஈரத்தை ஏற்றினால் ஜன்னல் ஓரம் பூசணம்தான் மிச்சம்.

விஷயம் இதுதான். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. வெளியே 0 டிகிரியில் 80 விழுக்காடு ஈரம் இருந்தாலும், அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 20 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். ஹீட்டர் காற்றிலிருந்து நீரை எடுப்பதில்லை. காற்றின் கொள்ளளவைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் செப்டம்பரில் பெரும்பாலும் கருவி தேவைப்படாது. உங்கள் தோல் இப்போதே பொரிவதற்கு வெந்நீரும் சோப்பும் காரணமாக இருக்கலாம். அதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ஈரமானியை நம்பும் முன் ஒரு சோதனை. தண்ணீர் பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஜிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி 8 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள். மலிவான மானிகள் பலவும் இப்படி நாலைந்து பிசகும்.

இலக்கு: அக்டோபர், நவம்பரில் 35 முதல் 45. வெளியே மைனஸ் 10 ஆகிவிட்டால் 30 போதும். காலையில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் கோத்திருந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள், குறையுங்கள்.

அதிர்வால் நீரைப் புகைபோலத் தூவும் அல்ட்ராசோனிக் வகை வாங்கினால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள தாதுக்கள் வெள்ளைப் பொடியாகப் பறந்து மேசையிலும் மூச்சிலும் படியும். வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். திரி வைத்து ஆவியாக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் திரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவானாலும் தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள்.

ஃபர்னஸை முதல் குளிருக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருக்கும் வீடுகள் நிறைய. ஓர் அங்குல ஃபில்டர் என்றால் மாதம் ஒருமுறை பார்த்து, அதிகபட்சம் மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள். ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் மெர்வ் எண் 8 முதல் 11 போதும். பழைய ஃபர்னஸில் 13 போட்டால் காற்றோட்டம் திணறலாம். முதல் ஓட்டத்தில் தூசி கருகும் வாடை சிறிது நேரம் வரும், அது இயல்பு. நாள் முழுவதும் வந்தால் அணைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் அன்றைக்கே.

---

வடலி எழுதியது:

தங்கச்சி, எண்ணெய் முழுக்கை விடத் தேவையில்லை. ஆனால் ஊரில செய்யிற மாதிரியே இஞ்ச செய்ய ஏலாது.

ஒரு ஆளுக்கு நல்லெண்ணெய் 30 முதல் 50 மில்லி காணும். அடுப்பில வைச்சுக் காய்ச்சாதேங்கோ. கிண்ணத்தைச் சுடுதண்ணிக்குள்ள வைச்சு இளஞ்சூடாக்குங்கோ. பூசி 20 நிமிசம் இருந்தாப் போதும். குளியல் தொட்டிக்குள்ள எண்ணெய்க் காலோட ஏறினால் சறுக்கும், அதுவும் மாமிக்கு எலும்பு முறியிற வயசு. தொட்டிக்குள்ள உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பாய் போட்டு, ஏறமுதல் பேப்பர் துவாயால உள்ளங்காலை வடிவாத் துடைக்கச் சொல்லுங்கோ. உடம்பில மிஞ்சிற எண்ணெயையும் அப்பிடியே துடைச்சுக் குப்பையில போடுங்கோ. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். குளிர்காலத்தில குழாய்க்குள்ள அது கட்டிபட்டு, மேல பயத்தம் மாவும் சேர்ந்தால் அடைப்பு நிச்சயம்.

ஒரு எச்சரிக்கை. தலையில செதில் செதிலாப் பொடுகு, மூக்கோரம் சிவப்பு, கடி (அரிப்பு) இருந்தால் தலைக்கு எண்ணெய் வைக்காதேங்கோ. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு, வறட்சி எண்டு நினைச்சு வைக்க வைக்கக் கூடும். கீற்றோகோனசோல் ஷாம்பூவை வாரம் ரெண்டு தரம், 5 நிமிசம் ஊறவிட்டுக் கழுவுங்கோ.

இனித் தோல். நாளாந்தக் குளிப்பு 5 முதல் 10 நிமிசம், தண்ணி இளஞ்சூடு. தோல் சிவக்கிற சூடு கூடாது. சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். துவாயால தேய்க்காமல் ஒத்தி எடுத்து, ஈரம் காயமுதல், மூண்டு நிமிசத்துக்குள்ள கிறீம் பூசுங்கோ. அமத்தி எடுக்கிற போத்தல் லோஷனில தண்ணிதான் கூட. கோடைக்கு அது காணும், இப்ப டப்பாக் கிறீமுக்கு மாறுங்கோ. வாசம் இல்லாததாய், கிளிசரின் அல்லது செராமைடு உள்ளதாய்ப் பாத்து வாங்குங்கோ.

அளவிலதான் எல்லாரும் பிழை விடுறது. பெரிய ஆள் ஒராளுக்கு உடம்பு முழுக்கப் பூச 25 முதல் 30 கிராம் வேணும். 454 கிராம் டப்பா ரெண்டு கிழமைக்குச் சொச்சம்தான் வரும். மூண்டு மாசம் வந்தால் நீங்கள் பூசேல்லை, தடவிப் பாத்திருக்கிறியள். குதிக்கால் தடிப்புக்கு யூரியா 10 விழுக்காடு கிறீம் நல்லம். ஆனால் வெடிப்பு ஆழமா இருந்தால் எரியும், அது ஆறும்வரைக்கும் வாசலின் பூசிக் காலுறை போடுங்கோ. கம்பளி உடுப்பைத் தோலில நேர போடாமல் உள்ளுக்குப் பருத்தி போடுங்கோ.

---

சாளரம் எழுதியது:

ஏழு மணிச் சோர்வுக்கு வருகிறேன். கோவையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். டொராண்டோவில் ஆறரை மணி நேரம். செப்டம்பர் 22-ஐ ஒட்டி நாளுக்குச் சுமார் 3 நிமிடம் பகல் குறைகிறது, வருடத்தில் மிக வேகமாகக் குறையும் நேரம் இதுதான். அதனால் தோலை விட, ஈரத்தை விட, முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம் என்பேன்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வெளியே நடங்கள். மேகமூட்டமான காலையிலும் வெளியே ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். விளக்குப் போட்ட வரவேற்பறையில் பெரும்பாலும் 500-ஐத் தாண்டாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதாது. பையனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனால் இரண்டு பேருக்கும் கணக்கு நேராகிவிடும். நடக்கும்போது கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். கண் திரையில் இருந்தால் வானத்து வெளிச்சம் கண்ணுக்குக் குறைவாகவே கிடைக்கும்.

அக்டோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகிவிடும். இருட்டில் கிளம்புபவர்களுக்கு ஒளிப்பெட்டி, அதாவது பகல் வெளிச்சம் போலப் பிரகாசமாக எரியும் விளக்குப் பலகை, உதவும். 10,000 லக்ஸ், புற ஊதாக் கதிர் வடிகட்டியது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். அந்த 10,000 எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பதையும் பாருங்கள், மலிவான சிறு பலகைகளில் 15 சென்டிமீட்டருக்கு முகத்தை ஒட்டினால்தான் அந்த அளவு வரும். 40 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்து, நேராக முறைக்காமல் காலை உணவு சாப்பிடுங்கள். முதல் நாட்களில் 15 நிமிடம், பிறகு 30. தலைவலித்தால் தூரம் கூட்டுங்கள். மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். இருமுனை மனநோய் உள்ளவர்களும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடிகாரம் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்பார்கள், ஆறு வயதுப் பையன் உள்ள வீட்டில் அது நடக்காது. ஐந்து மணிக்கே எழுந்து நிற்பான். அதற்கு முந்தைய நான்கு நாளும் இரவுச் சாப்பாடு, படுக்கை இரண்டையும் தினம் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

விட்டமின் டி: கனடாவின் பரிந்துரை உணவும் மாத்திரையும் சேர்த்து 70 வயது வரை நாளுக்கு 600 ஐ.யு. (விட்டமின் அளவைக் குறிக்கும் சர்வதேச அலகு), அதற்கு மேல் 800. பெரியவர்களுக்கு உச்சவரம்பு 4,000. இந்த அட்சரேகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதை அநேகமாகத் தயாரிக்காது. நம் போன்ற மாநிறத் தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் நேரம் தேவை. பாலில் சேர்த்தே விற்கிறார்கள், ஆனால் தயிர்களில் சேர்ப்பது, சேர்க்காதது இரண்டும் உண்டு, லேபிளைப் படியுங்கள். 50 தாண்டியவர்கள் தினம் 400 ஐ.யு. மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள், மாமியாருக்கு அது பொருந்தும். ஊரிலிருந்து வரும் 60,000 ஐ.யு. உறைகள் குறைபாட்டுக்கான மருந்து. வாராவாரம் தானாக விழுங்குவதற்கல்ல.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் போனால் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

---

கோவைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, கண்ணில் லேசர் செய்திருக்கிறார்கள். ஒளிப்பெட்டி வேண்டாம்தானே? காலையில் தும்மல் எனக்கு மட்டும், மற்றவர்களுக்கு இல்லை.

---

சாளரம் எழுதியது:

கண் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். பத்து மணி வெயிலில் மாமியாரைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தாலே நல்லது.

---

தும்பை எழுதியது:

தும்மல் ஒருவருக்கு மட்டும், கண்ணும் அரிக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தமாக இருக்கலாம். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி முதல் கடும் உறைபனி வரை ஒன்டாரியோவில் அதன் காலம். கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூவைத் திட்டுவார்கள், அதன் மகரந்தம் கனமானது, காற்றில் பறக்காது; அதே காலத்தில் பாதையோரம் பச்சையாகப் பூத்து நிற்கும் ராக்வீட்தான் குற்றவாளி.

ஜன்னலைக் காலையில் மூடிவையுங்கள். வெளியே போய் வந்ததும் உடை மாற்றிவிடுங்கள், படுக்கும் முன் தலைமுடியை அலசுங்கள், இல்லாவிட்டால் மகரந்தம் தலையணைக்குப் போய்விடும். துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

மூக்கு அலசும் நீர்: 240 மில்லி தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தது, அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடாதீர்கள், அரிதாக உயிருக்கே ஆபத்தான அமீபா அதில் இருக்கக்கூடும். எரிந்தால் பெரும்பாலும் உப்பு அளவு தவறியிருக்கும். அலசிய பிறகு உடனே படுக்காமல் முன்பக்கம் குனிந்து வடியவிடுங்கள்.

அக்டோபரில் உறைபனி விழுந்தும் தும்மல் நிற்கவில்லையா? அப்போது உதிர்ந்த இலைகளில் வளரும் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். இலை வாரும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள், அல்லது என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, இலை சற்று ஈரமாக இருக்கும்போது வாருங்கள்.

ஃப்ளூ ஊசி அக்டோபரில் மருந்துக்கடைகளுக்கு வந்துவிடும், ஒன்டாரியோவில் இலவசம். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் மாமியாருக்கு முதலில் போடுங்கள்.

---

கீழ்த்தளம் எழுதியது:

மேலே உள்ளதை எல்லாம் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ராத்திரி பாத்திரம் கழுவியதும் நான்கு விஷயம் குறியுங்கள்: ஈரமானி எண், இன்று எத்தனை நிமிடம் வெளியே, உதடும் தோலும் எப்படி, எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது. குளிரில் தாகம் அதிகம் எடுக்காது, அதனால் சிறுநீரின் நிறமும் ஐந்தாவதாக இருக்கட்டும். அடர் மஞ்சள் என்றால் மறுநாள் சீரகத் தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க் கூடுதல். இரண்டு வாரத் தாளைப் பார்த்தால் எந்த மருந்து எதற்கு வேலை செய்தது என்று தெரியும். தாளோடு திரும்ப வாருங்கள், ஈரப்பதக் கருவி எந்த அளவு என்று அப்போது பேசலாம்.