டேவிட் காசு உங்கள் கையில் வந்ததுண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜியோகேஷிங்கில், அதாவது யாரோ ஒளித்து வைத்த பெட்டியை (கேஷ்) ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் விளையாட்டில், பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் போகும் காசு இது. நானே தொடங்குகிறேன். ஏப்ரலில் ஃப்ளோரன்ஸ் போயிருந்தேன். பழைய நகரத்துக்குள் நான் தேடிய கேஷ் எல்லாம் விரல்நுனி அளவு காந்த டப்பாக்கள். உள்ளே ஒரு சுருள் காகிதம், கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ட்ராக்கபிள், அதாவது இந்தக் காசு மாதிரி குறியீடு போட்டு ஊர் சுற்ற விடும் பொருள், வைக்க இடமே கிடையாது. அதனால் பஸ் ஏறி செட்டிஞ்ஞானோ மலைப்பக்கம் போனேன். ஒலிவத் தோப்பு, அதன் ஓரமாக ஒரு கருங்கல் சுவர், சுவரின் இடுக்கில் சாப்பாட்டு டப்பா அளவில் பெட்டி. உள்ளே ஈரத்தில் உப்பிப்போன நோட்டு, தலை இல்லாத பொம்மை, துருப்பிடித்த சாவிவளையம். அடியில், ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இந்தக் காசு.

நம்ம ஊர் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது, நல்ல கனம். ஒரு பக்கம் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் முகம், புருவம் சுருங்கி இடப்பக்கம் பார்க்கிறது. மறுபக்கம் கவண் வாரைப் பிடித்தபடி தோளில் கிடக்கும் இடது கை. விளிம்போரம் ஆறு எழுத்துக் குறியீடு. அதை விளையாட்டின் தளத்தில் தேடிப் பார்த்தால் உரிமையாளர் ஒரு ஆசையை எழுதி வைத்திருந்தார்: டேவிட் சம்பந்தப்பட்ட இடங்களுக்கெல்லாம் இது போக வேண்டுமாம்.

கிடைத்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மைக்கேலாஞ்சலோவைக் கைக்குழந்தையாக இந்த செட்டிஞ்ஞானோவில்தான் ஒரு கல்தச்சர் வீட்டில் பால் குடிக்க விட்டிருந்தார்கள். உளியும் சுத்தியும் அந்தப் பாலோடு வந்தவை என்று அவரே வேடிக்கையாகச் சொன்னதாக, அவர் வாழ்க்கையை எழுதிய வஸாரி எழுதியிருக்கிறார்.

மறுநாள் காசை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டேவிட் சிலை நிற்கும் அகாதமியா மியூசியத்துக்குப் போனேன். 5.17 மீட்டர் உயரம் என்று படித்திருந்தேன், ஆனால் கழுத்து வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காசைத் தூக்கிப் பிடித்து முகத்தோடு முகம் ஒப்பிட்டேன். காவலர் ஒரு மாதிரி பார்த்தார். நெற்றி மடிப்பு சரியாக வந்திருக்கிறது. வராதது அந்த வலது கைதான். உடம்புக்குச் சற்றுப் பெரிய கை, புறங்கையில் நரம்பு புடைத்து நிற்கும். அதைக் காசில் காட்டியிருந்தால் இன்னும் பிரமாதமாக இருந்திருக்கும்.

அந்தக் கல்லே ஒரு ஒதுக்கப்பட்ட கல். 1464இல் அகோஸ்தீனோ தி தூச்சோ என்ற சிற்பி தொட்டு விட்டுப் போனார். பிறகு ரோஸ்ஸெல்லினோவும் கைவிட்டார். கதீட்ரல் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்ததை 1501இல் 26 வயதுப் பையன் மைக்கேலாஞ்சலோவிடம் கொடுத்தார்கள். 1504 மே மாதம் சிலை பட்டறையை விட்டு நகர மன்ற வாசலுக்குக் கிளம்பியது. நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாத தூரம். நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள் தள்ளி, சேர நான்கு நாள். வழியில் ராத்திரியில் யாரோ கல் வேறு எறிந்தார்கள். 1873இல் அகாதமியாவுக்கு வந்ததோடு சரி, அப்புறம் நகரவே இல்லை. என் பாக்கெட்டில் இருந்தவரோ அதற்குள் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார்!

ஊர் திரும்பும் வழியில் கராராவில் ஒரு பெட்டியில் வைத்தேன். அடுத்து எடுத்தவர் இங்கே இருக்கிறாரா?

* * *

கை தூக்குகிறேன், நான்தான். ஜூனில் எடுத்தேன். ரயிலிலிருந்து பார்த்தபோது மலை உச்சியெல்லாம் பனி என்று நினைத்து வீட்டம்மாவிடம் காட்டினேன். பனியும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் பளிங்கு வெட்டிய கழிவு. டேவிட்டுக்கான கல் போன அதே மலைகள். பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தால் விரலெல்லாம் மாவு மாதிரி வெள்ளைத் தூள். காசைத் துடைக்க மனம் வரவில்லை, அப்படியே உறையில் போட்டுவிட்டேன்.

"கேஷ் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னதும் ஏ.டி.எம். போகிறேன் என்று வீட்டம்மா நினைத்துக்கொண்டது தனிக்கதை. அரை மணி நேரம் கழித்துப் புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு காசோடு வந்தேன்.

* * *

நல்ல பதிவுகள். ஒரு வேண்டுகோள். படம் போடும்போது விளிம்பில் இருக்கும் குறியீட்டை மறைத்துவிடுங்கள். தளத்தில் காட்டும், டி.பி. என்று தொடங்கும் எண் எல்லோருக்கும் தெரியலாம், தப்பில்லை. காசிலேயே பொறித்திருப்பது வெளியே போனால் கண்ணால் பார்க்காதவர்களும் "பார்த்தேன்" என்று தளத்தில் லாக் (பதிவு) போட ஆரம்பித்துவிடுவார்கள். என்னுடைய ஒரு காசுக்கு இதுதான் நடந்தது. ஒரே வாரத்தில் முப்பது பேர் "பார்த்தார்கள்". காசு அப்போது என் மேஜை டிராயரில் இருந்தது.

* * *

நான் இந்த விளையாட்டுக்குப் புதுசு. இது எப்போது ஆரம்பித்தது, யாராவது சொல்லுங்களேன்?

* * *

2000 மே மாதம், தம்பி. அதுவரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய மறுநாளே, மே 3இல், ஓரிகனில் ஒருவர் ஒரு வாளியில் சாமான்களைப் போட்டு மறைத்து வைத்து ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

* * *

கராரா அண்ணே, நீங்கள் கொடுத்தனுப்பிய காசு இப்போது லண்டனில், என்னிடம் இருக்கிறது. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே டேவிட்டின் முழு அளவு பிளாஸ்டர் வார்ப்பு நிற்கிறது. 1857இல் டஸ்கனி பிரபு விக்டோரியா ராணிக்கு அனுப்பிய பரிசு. ராணி முகம் சுளித்ததாகவும், அதனால் ஒரு அத்தி இலை செய்து, அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாளில் மட்டும் கொக்கியில் மாட்டிவிடுவார்கள் என்றும் கதை. இலை இன்றும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நம் காசில் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாததால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

உறையில் வெள்ளைத் தூள் இன்னும் இருக்கிறது. முதலில் யாரோ சுண்ணாம்பு போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

* * *

லண்டன்காரரே, மகிழ்ச்சி. ஆனால் லாக் பார்த்தேன். நீங்கள் எடுத்து ஏழு வாரம் ஆகிறது. இரண்டு வாரத்தில் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டாமா?

* * *

மன்னிக்கவும். கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே பழகிவிட்டது. சனிக்கிழமை எப்பிங் காட்டுப் பக்கம் போகிறேன், பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது, வைத்துவிடுகிறேன். மழை இல்லை என்றால்.