மொம்பாசாவில் அப்பாவுக்கு ஒரு பூசை

ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் போகிறது என்றாலே எங்கள் பக்கம் முதலில் கேட்பது கடல்கொள்ளையையும் காய்ச்சலையும்தான். இரண்டும் உண்மை, இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கரையில் இறங்கிப் பழகியவர்களே இந்த இரண்டோடு பேச்சை முடித்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம் உவரி. அப்போது கோதுமையை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றிய பல்க் கேரியர் கப்பலில் ஏபியாக, அதாவது டெக் மாலுமியாக இருந்தேன். எந்தக் கப்பல் என்பது முக்கியம். கன்டெய்னர் கப்பல் என்றால் பெட்டியை இறக்கி ஏற்றிவிட்டு சீக்கிரமே கிளம்பிவிடும். வாட்ச் முடிந்து குளிப்பதற்குள், கப்பலை வெளியே கூட்டிப் போகும் துறைமுக பைலட் ஏறிவிடுவார். பல்க் அப்படியில்லை. கோதுமை நனையக் கூடாது என்பதால் மழை தூறினாலே சரக்கறை மூடியான ஹேட்ச்சை மூடிவிட்டு வேலையை நிறுத்துவார்கள். கென்யக் கரையில் ஏப்ரல், மே பெருமழைக் காலம். நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான்.

மொம்பாசாவின் கிலிண்டினி துறைமுக வாய்க்குள் நுழையும்போது நான் முன்பக்கம் கயிற்று வேலையில் நின்றேன். மொம்பாசா தீவுக்கும் தென்கரைக்கும் ஓடும் லிக்கோனி ஃபெரி எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அதில் நடந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் கூட்டம் நெரியும். தலையில் மூட்டையோடு ஒரு அம்மா எங்கள் கப்பலை அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். நானும் கையுறையோடு கையசைத்தேன்.

அப்பா இறந்தபோது நான் முந்தின கப்பலில், அட்லாண்டிக் நடுவில் இருந்தேன். அடக்கத்தைப் போட்டோவில்தான் பார்த்தேன். முதல் ஆண்டு நினைவு மொம்பாசாவில் நிற்கும்போது வந்தது, ஞாயிற்றுக்கிழமையில். ஊரில் அம்மா அந்தோணியார் கோவிலில் பூசைக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்கு கேங்வே வாட்ச், கப்பல் ஏணியில் காவல். டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏல, உன் வாட்ச்ச நான் பாத்துக்கிடுதேன். சீஃப் மேட்டிட்டயும் நானே சொல்லிக்கிடுதேன். நீ கோவிலுக்குப் போயிட்டு வா" என்றார். ஏஜென்ட் கொடுத்த ஷோர் பாஸ், கரையிறங்கும் அனுமதிச் சீட்டு, இருந்தது. ரிஜிஸ்டரில் பெயரும் திரும்பும் நேரமும் எழுதிவிட்டு இறங்கினேன்.

என்க்ருமா சாலையில் பரிசுத்த ஆவி பேராலயம். அங்கே கோவில்பிள்ளை போல ஒருவர் நின்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அப்பா, ஒரு வருடம், பூசை என்றேன். உடனே ஒரு துண்டுத்தாளும் பேனாவும் தந்தார். அப்பாவின் முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

பூசை சுவாஹிலியில். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. பாடகர் குழுவில் ஒரு பெண் கயாம்பா வைத்திருந்தார். நாணல் தட்டைகளை இரண்டு அடுக்காகக் கட்டி, நடுவில் விதைகளைப் போட்ட தட்டையான பெட்டி. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து அதைச் சாய்க்கும்போது கரையில் அலை வாங்கும் சத்தம் வந்தது. கட்டைவிரலால் அதிலேயே தாளமும் தட்டினார். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மன்றாட்டில் சாமியார் தாளைப் பார்த்து அப்பாவின் பெயரைப் படித்தார். முதல் பாதி சரியாக வந்தது, மீதியை அவர் வாய்க்கு வந்த மாதிரி சொன்னார். கோவில் முழுக்க எழுந்து நின்று பதில் சொன்னது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் அங்கத்துப் பெண்கள் உடுத்தும் கங்கா துணி போர்த்தியிருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்தவர், பூசை முடியும்வரை விடவில்லை. வெளியே வந்ததும் "போலே சானா" என்றார், துக்கம் கேட்கும்போது அங்கே சொல்வது அது. ஊருக்குப் போன் போட்டபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "பேர வாசிச்சாங்களா மக்கா?"

அதே சாலை நேராக ஜீசஸ் கோட்டையில் போய் முடிகிறது. போர்ச்சுகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. எங்கள் ஊர் அந்தோணியார் சுரூபமே, காலரா கண்ட ஒரு போர்ச்சுகீசியக் கப்பலில் தச்சர் செதுக்கியது என்றுதான் சொல்வார்கள். புனித பிரான்சிஸ் சவேரியாரும் இந்தக் கரை வழியாக வந்தவர். லிஸ்பனில் 1541-இல் கப்பலேறி, மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருந்து, மாலிந்தியில் நின்று, 1542-இல் கோவா சேர்ந்து, அந்த ஆண்டே எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்துவிட்டார். மாலிந்தி மொம்பாசாவிலிருந்து வடக்கே நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும். கப்பலில் இறந்த ஒருவரை அங்கே அடக்கம் செய்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே கரையில் என் அப்பாவுக்கும் ஒரு மன்றாட்டு நடந்தது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

பூசையில் என் கையைப் பிடித்த அந்த அம்மாவின் மகன் பைக் டாக்ஸி ஓட்டுகிறவர், அங்கே போடா போடா என்பார்கள். முதலில் மாமா என்ஜினா கடற்கரைக்குக் கூட்டிப் போனார். பெரிய பெரிய பொந்தன்புளி மரங்கள். அதன் கீழே மரச்சீனிக்கிழங்கு பொரித்து, நடுவில் கீறி, வத்தல்பொடியும் எலுமிச்சையும் தடவித் தருகிறார்கள். காசு எம்-பெசாவில் போனிலேயே போகிறது. அது 2007-லேயே வந்துவிட்டது, நம் யுபிஐ 2016-இல்தான். அவர் பைக் டிவிஎஸ். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் எங்கள் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்றேன். வண்டியை ஓரம்கட்டி, திரும்பிப் பார்த்து, மறுபடி சொல்லச் சொன்னார். துறைமுக கேட்டில் இறக்கிவிட்டு நியாயமான காசு வாங்கிக்கொண்டார்.

திசையன்விளைக்காரர் ஒருவர், ஃபிட்டர், தான்சானியாவின் ம்ட்வாராவில் பச்சை முந்திரி மூட்டை ஏற்றியபோது நடந்ததைச் சொல்லியிருக்கிறார். மூட்டை சுமந்தவர்களில் ஒருவர், வீட்டில் வறுத்த முந்திரியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கையில் திணித்தாராம். இவர் அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டியைப் பாதி உடைத்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இன்றும் ம்ட்வாரா என்றால் அந்த மனிதர்தான்.

கோவிட் சமயத்தில் எந்தத் துறைமுகத்திலும் எங்களை இறங்க விடவில்லை. கப்பல்காரர் கரையிறங்குவதைக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமே உரிமையாக ஒப்புக்கொள்கிறது, இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, பாஸ் கையில் இருந்தும் கேபினில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் தம்பிகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகுதான் அட்டை செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கொசுவிரட்டி, ஷோர் பாஸ், கொஞ்சம் சில்லறை ஷில்லிங் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் கேட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மொம்பாசாவில் யாருக்காவது பூசை கேட்க வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம், தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.