ஃபோடெராட்டி என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'கூலிப்படை' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

உரோமப் பேரரசின் இறுதிக்காலத்தில் அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டு அதற்காகப் போரிட்ட அயற்குடிகளைக் குறிக்கும் 'ஃபோடெராட்டி' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கூலிப்படை, துணைப்படை, ஒப்பந்தப்படை என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றுமே அவர்களைப் படையாக மட்டும் காண்கின்றன என்பது என் முதன்மையான மறுப்பு. மனைவி மக்களோடும் வண்டிகளோடும் எல்லை கடந்து வந்து, பேரரசின் மண்ணிலேயே நிலைத்துவிட்ட திரள்களைப் படை என்று சுருக்கினால், அவர்களிடமிருந்து அரசுகள் எப்படித் தோன்றின என்பதை விளக்க வழியில்லாமல் போகும்.

ஜெர்மானிய இனத்தவரான கோத்துகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 376இல் ஹூணர்களின் நெருக்கடியால் தன்யூப் ஆற்றைக் கடந்து புகலிடம் கேட்ட அவர்கள், உரோம அதிகாரிகளின் சுரண்டலால் கிளர்ந்தெழுந்து, 378இல் அட்ரியானோபிளில் பேரரசர் வாலன்ஸையே வீழ்த்தினர். அவர்களை ஒழிக்க முடியாது என்று கண்ட அடுத்த பேரரசர் தியோடோசியஸ் 382இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் மூலவாசகம் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் பேரரசுக்குள் நிலம் பெற்றுக் குடியமர்ந்ததும், அதற்கு ஈடாகப் போருக்கு ஆள் அனுப்பியதும் தெளிவு. 394இல் ஃபிரிகிடுஸ் ஆற்றங்கரைப் போரில் தியோடோசியஸுக்காகப் பத்தாயிரம் கோத்துகள் மாண்டனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஓரோசியுஸ் எழுதுகிறார். அலாரிக்கின் தலைமையில் 410இல் உரோம் நகரைச் சூறையாடியவர்களும் கோத்துகளே. ஊதியம் முடிந்ததும் கலைந்துபோகும் கூலிப்படைக்கு இத்தகைய தொடர்ச்சி இராது.

416இல் உரோம அரசிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 6,00,000 மோடியஸ் (உரோம முகத்தலளவை) தானியம். அதற்காக அவர்கள் ஸ்பெயினில் வாண்டல், அலானர் என்னும் வேற்றினத்தாரோடு பொருதனர். இந்த ஓர் ஏற்பாட்டை மட்டும் பார்த்தால் கூலி என்று வாதிடலாம். ஆனால் 418இல் இன்றைய பிரான்சின் தென்மேற்கிலுள்ள அக்விதானியாவில், துலூஸ் முதல் பெருங்கடல் வரை, அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது நிலமா, நிலவரியில் ஒரு பங்கா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. ஆகவே நம் சொல்லும் அந்த வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. 'நிலக்கொடைப் படை' என்று ஒருவர் தனியஞ்சலில் எழுதியதை இக்காரணத்தாலேயே ஏற்கத் தயங்குகிறேன். 451இல் ஹூண மன்னன் அத்திலாவை எதிர்த்து உரோமத் தளபதி ஏட்டியஸோடு நின்று உயிர்துறந்த முதலாம் தியோடெரிக், துலூஸில் ஆண்ட கோத்து மன்னர். உடன்படிக்கையால் வந்தமர்ந்த குடி ஒரு தலைமுறைக்குள் அரசாகிவிட்டது.

மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று குறள் உரை வகுக்கும் அறுவகையில் துணைப்படைதான் ஓரளவு நெருங்கி வருகிறது. எனினும் உரோமின் முதன்மைப் படைப்பிரிவுகளான லெகியோன்களோடு பணியாற்றிய 'அவுக்சிலியா' அணிகளுக்கு அச்சொல் தேவைப்படுகிறது. அவை உரோமப் படையின் உறுப்புகள், உரோம அதிகாரிகளின் கீழ் இருந்தவை. 'ஒப்பந்தம்' என்றால் நம் காதில் ஒப்பந்தக்கூலியும் ஒப்பந்தக்காரரும்தான் ஒலிக்கின்றனர். ஃபோடெராட்டிக்கு வேர்ச்சொல்லான 'ஃபோடுஸ்' என்பது இரு தரப்பும் உறுதிமொழி கூறி ஏற்கும் அரசியல் உறவு. அதற்கு 'உடன்படிக்கை' சாலப் பொருந்தும்.

எனவே 'உடன்படிக்கைக் குடிகள்' என்று முன்மொழிகிறேன். அவர்கள் அனுப்பிய போர்வீரரை மட்டும் சுட்டும் இடத்தில் 'உடன்படிக்கைக் குடிப்படை' எனலாம். நீளம்தான், ஆனால் பாடநூலில் ஓரிரு முறையே வரும். 'குடி' என்றால் குடிமக்கள் என்று பொருள்பட்டு, உரோமக் குடியுரிமை பெற்றவர்கள் என்ற மயக்கம் எழாதா என்று கேட்கலாம். குடி என்பது குலத்தையும் ஆளப்படும் மக்களையும் ஒருங்கே குறிப்பது உண்மை. தம் தலைவனுக்கும் உடன்படிக்கையின்படி பேரரசனுக்கும் ஒரே சமயத்தில் கட்டுப்பட்டிருந்த இவர்கள் விடயத்தில் அந்த இரட்டைப்பொருள் எனக்கு இடையூறாகத் தோன்றவில்லை.

ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். குடியரசுக் காலத்தில் உரோமோடு உடன்படிக்கை செய்துகொண்ட இத்தாலிய நகரங்களை 'உடன்படிக்கை நகரங்கள்' என்றே குறிக்கலாம். ஆறாம் நூற்றாண்டில், பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், ஃபோடெராட்டி என்னும் பெயரை யார் வேண்டுமானாலும் சூடிக்கொண்டனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியுஸே கூறுகிறார். அந்த நூற்றாண்டுக்கு ஒலிபெயர்ப்பே போதும். உரோம அதிகாரியின் மேற்பார்வையில் குடியேற்றப்பட்ட 'லேத்தி' பிரிவினரை இவர்களோடு கலக்கக் கூடாது. அவர்களுக்கு 'குடியேற்றப் படையினர்' என்பது பொருந்துமா என்று அன்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.