செஃபலுவா, சிராகூசாவா? சிசிலியில் ஐந்து நாள்

வெயில்பட்சி: செப்டம்பர் கடைசியில் நானும் அம்மாவும் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறோம். கையில் ஐந்தே நாள். பழைய ஊரும் வேண்டும், கால் நனைக்கக் கடலும் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. வடகரையில் செஃபலுவா, தென்கிழக்கில் சிராகூசாவா? இரண்டும் என்றால் ரயிலிலேயே பாதி நாள் போய்விடும்.

உப்புக்காற்று: செஃபலு. சிசிலித் தலைநகர் பலேர்மோவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். பழைய வீடுகள் முடிகிற இடத்தில் மணல் தொடங்கிவிடும். காலையில் குளியல், சாயங்காலம் கதீட்ரல், அதாவது ஊரின் பெரிய தேவாலயம். நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. உள்ளே சின்னச் சின்னத் துண்டுகள் பதித்த தங்க மொசைக்கில் கிறிஸ்து, கையில் விரித்த புத்தகம்: ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் லத்தீன். நான் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம்படி: அழகான ஊர்தான். ஆனால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் குடைக்கடியில் படுத்துக் கிடக்கத்தானா அவ்வளவு தூரம்?

சிராகூசாவில் ஓர்டீஜா என்கிற குட்டித் தீவுதான் பழைய ஊர். பாலத்தில் நடந்தே போய்விடலாம். அங்கே கதீட்ரலின் பக்கவாட்டுத் தெருவில் நின்று பாருங்கள். சுவருக்குள் பாதி புதைந்த தூண்கள் தெரியும். கிமு 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்குக் கட்டிய கோயிலின் தூண்கள் அவை. கோயிலை இடிக்காமல், தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கிவிட்டார்கள். ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாது, அத்தனை பருமன். 1693 நிலநடுக்கத்தில் முகப்பு விழுந்ததால் இப்போது இருப்பது பரோக் என்கிற அலங்கார பாணியில் பிறகு கட்டிய முகப்பு. முன்னால் போனால் ஒரு காலம், பக்கத்தில் திரும்பினால் இன்னொரு காலம். ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்ததும் ரோமானியர் கையில் செத்ததும் இந்த ஊரில்தான்.

உப்புக்காற்று: கடல் எங்கே ஐயா? ஓர்டீஜாவில் பாறையிலிருந்து இறங்கிக் குளிக்க வேண்டும். நல்ல மணல் வேண்டுமென்றால் ஃபொன்டானே பியாங்கே வரை பஸ். முழங்கால் வலிக்காரரை அங்கே அனுப்புகிறீர்களே!

மூன்றாம்படி: உங்கள் கதீட்ரலுக்கு மட்டும் படி இல்லையா? ஊருக்குப் பின்னால் 270 மீட்டர் பாறை வேறு.

உப்புக்காற்று: பாறையில் ஏறச் சொன்னது யார்? கீழே இடைக்காலத்துச் சலவைத்துறை இருக்கிறது, சிங்கமுகக் குழாய்களில் தண்ணீர் கொட்டும். சரி, அதற்கும் படி இறங்கத்தான் வேண்டும்.

நள்ளிரவுத்தேநீர்: டாவோர்மினாவை யாருமே சொல்லவில்லையே?

மூன்றாம்படி: ஊர் மலைமேல், கடல் கீழே, கரையெல்லாம் கூழாங்கல். இந்த அம்மாவுக்கு வேண்டாம்.

வெயில்பட்சி, ஒன்று மட்டும்: வாடகை கார் எடுத்தால் பழைய ஊருக்குள் ஓட்டாதீர்கள். அனுமதியில்லாத வண்டியைப் பிடிக்க நுழைவாயிலில் கேமரா இருக்கிறது. ஓர்டீஜாவுக்குள் தெரியாமல் ஒருமுறை திரும்பினேன், நாலு மாதம் கழித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு வந்தது.

வெயில்பட்சி: கார் இல்லை. இரண்டு பேர் சொன்னதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோயிலுக்குள் தேவாலயம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்: காலையிலேயே ஐஸ் சாப்பிடுவார்களாமே, அது எந்தப் பக்கம்?

உப்புக்காற்று: கிரானிதா. பன் மாதிரி பிரியோஷைக் கிள்ளி அதில் தோய்த்துச் சாப்பிடுவது. அதற்குக் கிழக்குக் கரைதான் பேர்போனது. போங்கள், பாதாம் கிரானிதா கேளுங்கள்.